கன்றின் பங்கு

ரங்கூனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மாடிப்படியில் ஒரு பூனை உண்டு. நான் வந்த முதல் மாதத்திலேயே அது நன்றாகக் கொழுத்துப்போனது. காரணம் பிறகுதான் தெரிந்தது. எதிர் வீட்டில் இருக்கும் மா தீன் என்ற பர்மியப் பெண்ணோடு பழகலாமே என்று தினமும் ஒரு டம்ளர் பால் கொடுத்துவந்தேன். மறுநாள் டம்ளரைப் பளபளவென்று துலக்கி, உள்ளே இரண்டு வாழைப்பழமோ ஒரு கொத்துப் பூவோ வைத்துத் திருப்பித் தருவாள். பால் மட்டும் பூனைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நேரிலேயே கேட்டுவிட்டேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இந்துஸ்தானியும், எனக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து பர்மியச் சொற்களும்தான். அவள் டம்ளரைக் காட்டி, "கலே எங்கே?" என்றாள். கலே என்றால் குழந்தை. கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தையில்லாதவள் நான். உனக்கெதற்குப் பால் என்று குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு மாதம் பேச்சில்லை. பிறகு என் கணவர், தம்முடைய ஆபீசில் வேலை செய்யும் பர்மியர் ஒருவரிடம் விசாரித்துவந்து சொன்னார். கன்றுக்குட்டியையும் அவர்கள் மாட்டின் கலே என்றுதான் சொல்வார்களாம். அவள் கேட்டது கன்றை. பால் கன்றுக்கு உரியது, அதை நாம் எடுத்துக்கொள்வது திருட்டு என்று நினைக்கிறவர்கள் இங்கே பலர் உண்டாம்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காலையும் மாலையும் மீன் ஆய்கிறவள், புழு பூச்சியைக்கூட மிதிக்காமல் நடக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட என்னிடம் ஜீவகாருண்யம் பேசுகிறாளே என்று. மறுபடி பேசிக்கொண்டோம், பால் கொடுப்பதை நிறுத்தினேன். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் இருந்தேன்.

அந்த வருஷம் தங்கை அலமேலுவின் பிரசவத்துக்காக ஸ்ரீரங்கம் வந்தேன். அண்ணா வீட்டில்தான் பிரசவம். அண்ணா திருச்சியில் பள்ளிக்கூட வாத்தியார். கொல்லையில் கோமளம் என்ற பசு அப்போதுதான் காளைக்கன்று ஈன்றிருந்தது. அலமேலுவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் காய்ச்சல் கண்டு அவளுக்குப் பால் சுரக்கவில்லை. குழந்தை கோமளத்தின் பாலில்தான் பிழைத்தது. பதினோராம் நாள் புண்யாஹவாசனத்துக்கு உறவுக்காரர்கள் கூடினார்கள். திரட்டுப்பால் கிளறும் பொறுப்பு என்னுடையது. அதற்கு முந்தின மூன்று நாளும் பால்காரர் மருதையிடம், "இன்னும் ஒரு படி வேணும், மருதை. நன்னா ஒட்டக் கறந்துடு" என்று நானே நின்று சொன்னேன். அவர் கன்றை ஒருமுறை பார்த்தார். பிறகு கறந்தார். திரட்டுப்பால் மணல் மணலாக, பிரமாதமாக அமைந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

விசேஷம் முடிந்த மறுநாள் காலை கன்று எழுந்திருக்கவில்லை.

"ஏன் மருதை, என்ன ஆச்சு?"

"ரெண்டு காம்பு கன்னுக்குன்னு பேருதாம்மா. காளைக்கன்னுக்கு எந்த வீட்டுல விடறாங்க? நீங்க கவலப்படாதீங்க. தோல உரிச்சு வைக்கோல் அடைச்சுக் கொண்டாந்துடறேன். இல்லாட்டி மாடு சுரக்காது."

இரண்டு நாளில் கொண்டுவந்தார். மூங்கில் குச்சியில் நான்கு கால், கண் இருந்த இடத்தில் தையல். மேலே உப்புத் தண்ணீர் தெளித்து முன்னால் நிறுத்தினார். கோமளம் அதை நக்க ஆரம்பித்தது. காதிலிருந்து வால்வரை, ஒரு இடம் விடாமல். நக்க நக்கப் பால் இறங்கியது. சிறு வயதில் இந்த வைக்கோல் கன்றை எத்தனையோ கொல்லைகளில் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் எதுவும் தோன்றியதில்லை. இப்போது மட்டும், "கலே எங்கே?" என்று மா தீன் கேட்டது எனக்கு அர்த்தமாயிற்று.

அன்றிலிருந்து நான் காப்பியில் பால் விட்டுக்கொள்ளவில்லை. மோரும் வேண்டாமென்றேன். அண்ணா சாப்பாட்டு இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"பர்மாவுக்குப் போய் வேற மதத்துல சேர்ந்துட்டியா? பெருமாள் அமுது செய்யற பால்டி அது. அதுல என்ன தோஷம்?"

"பால்ல தோஷமில்லேண்ணா. ஒட்டக் கறக்கச் சொன்னது நான்."

அவர் மோர் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவருக்குக் கோபம் என்று நினைத்தேன்.

எனக்குக் கோபமில்லை. ஏதோ புதுக் கண் கிடைத்தது போல எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். பெரிய கடைவீதிக்குப் போகும்போது ஜட்கா குதிரையின் சேணத்துக்கடியில் புண் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்; இருந்தது. இறங்கி நடந்தேன். மடி என்று கட்டிக்கொள்ளும் பட்டுக்கு எத்தனை புழு வெந்நீரில் போகும் என்று ஜவுளிக் கடைக்காரரைக் கேட்டேன். "புடவைதானேம்மா கேக்கறீங்க?" என்று அவர் மறுபடி மறுபடி கேட்டார். எதை விடுவது, எதை விடாமல் வாழ்வது என்று எனக்கே தெரியவில்லை. நூல்புடவை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் மருதைக்கு உடம்பு சரியில்லை. அவர் மனைவி கறக்க வந்தாள். வைக்கோல் கன்றைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். உள்ளே குழந்தை பசியில் கத்திக்கொண்டிருந்தது. நான்தான் பிடித்தேன். கோமளம் கன்றை நக்கியபோது நாக்கு என் கைமேலும் பட்டது, சொரசொரவென்று, சூடாக. கண்ணைத் திருப்பிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. ஒரு தாயை ஏமாற்றி இன்னொரு தாயின் பிள்ளைக்கு வாங்குகிறேன் என்று தெரிந்தேதான் பிடித்துக்கொண்டிருந்தேன். குழந்தை குடித்துவிட்டுத் தூங்கிப்போனான்.

"தோலைத் தொட்டுட்டே. குளிச்சுட்டு உள்ளே வா" என்றாள் மன்னி.

"இத்தனை நாள் குடிச்சப்போ யாரும் குளிக்கலையே, மன்னி" என்றேன். ஆனாலும் குளித்தேன்.

குழந்தைக்கு மூன்று மாதமானபோது நான் திரும்பினேன். ஸ்டேஷனுக்கு வந்த அண்ணா, ரயில் வரும்வரை தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னிலேர்ந்து எனக்கும் மோர் எறங்கலேடி" என்றார். "அடுத்த ஈத்துக்கு ரெண்டு காம்பை நெஜமாவே விடச் சொல்றேன். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். கொழந்தை இருக்கற வீடு." அந்த அரைகுறை வாக்கு எனக்கு ஒரு முழுச் சத்தியத்தைவிட நம்பிக்கையாக இருந்தது.

மதராஸில் கப்பலேறினேன். மேல்தளத்தில் ஒரு பக்கம் நம்மவர்கள், மறுபக்கம் பர்மியர்கள் பாய் விரித்திருந்தார்கள். கும்பகோணத்து மாமி ஒருத்தி அன்போடு தயிர்சாதம் நீட்டினாள். வேண்டாம், பால் தயிர் சேர்ப்பதில்லை என்றேன். என் நெற்றியையும் மடிசாரையும் பார்த்து, "நீங்க எந்த ஊர்?" என்றாள். ஸ்ரீரங்கம் என்றதும் நம்பாமல் சிரித்தாள். எழுந்து மறுபக்கம் போய் எனக்குத் தெரிந்த பர்மியத்தில் பேச்சுக் கொடுத்தேன். அந்தப் பெண்கள் நகர்ந்து இடம்விட்டார்கள்; அடுப்பில் கருவாடு வறுபட்டுக்கொண்டிருந்தது. உட்கார முடியவில்லை. கடைசியில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, வடக்கயிறு சுருட்டி வைத்திருந்த இடத்தில் பாயை விரித்தேன். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தபோது தமிழும், மறுபக்கம் சாய்ந்தபோது பர்மியமும் என்னருகே வந்து போய்க்கொண்டிருந்தன.