சகாயராணி போட்டுக் கொடுத்த இரண்டாவது பேட்டரி

செம்பட்டி நால்ரோட்டில் ஒருவர் திரிவார். பேர் யாருக்கும் தெரியாது. கையில் எந்நேரமும் ஒரு பழைய ரேடியோ இருக்கும். ஒருநாள் மத்தியானம் அவர் பேட்டரிக் கடைக்கு முன்னால், தகர நிழலில், ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கடைக்கார அம்மா சகாயராணி சத்தமில்லாமல் வந்து ரேடியோவை எடுத்தார். பின்மூடியைத் திறந்து, தீர்ந்துபோன செல் இரண்டையும் கழற்றிப் புதுச் செல் போட்டார். துணியால் ஒரு துடை துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். ஜீப்பில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார். செத்த நேரத்தில் அந்த ஆள் எழுந்து ரேடியோவைத் திருகினார். பாட்டு வந்தது. கோபம் தீர்ந்து பேசிய பிள்ளையைத் தட்டுவதுபோல அதைத் தட்டிக்கொடுத்தார். சகாயராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய் வயர் சீவிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. முருகன் புண்ணியத்தில் இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

நான் பார்த்துப் பழகியபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார். அது அவர் வீட்டுக்காரர் ஆனந்த்ராஜின் சட்டை. ஆசிட் பட்டு முன்பக்கமெல்லாம் பொடிப்பொடியாக ஓட்டை. கடையை ஆரம்பித்தவர் ஆனந்த்ராஜ்தான். சார்ஜில் கிடந்த பேட்டரி ஒன்று வெடித்ததில் அவருக்கு இரண்டு கண்ணும் மங்கிப்போனது. அதற்குப் பிறகு ஆறு வருஷம், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் சொல்ல, இந்த அம்மா கையால் செய்தார். அவர் மாரடைப்பில் போனார். அடக்கம் முடிந்த நாலாம் நாள் கடை திறந்திருந்தது.

டிரைவர்கள் வாய் சும்மா இருக்குமா? மணிமாறன் என்று ஒரு வேன்காரர். ஒருநாள் என் ஜீப் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டு ரோட்டிலிருந்தே கத்தினார்.

"ஏலே ஆண்டிச்சாமி, சேலை கட்டுன மெக்கானிக்கிட்டயா வண்டிய விட்டிருக்க? ராத்திரிக்கு லைட்டு எரியுமாலே?"

சகாயராணி தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "எரியும்ண்ணே. ஒங்க வண்டிய ரெண்டு நாளா தெருவே சேந்து தள்ளுதாமே, அந்த வெளிச்சத்துல வேணா ஓட்டிக்கிட்டு வாங்க, பாக்குறேன்."

மணிமாறன் மறுநாளே வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்குத்தான் வந்தார்.

என் கதைக்கு வருகிறேன். கன்னிவாடி மலையின் தென்பக்க அடிவாரத்தில் எங்கள் தோட்டம். ஜீப்பில் மலைக்காய்களை இறக்கிக் கொண்டுவருவது என் தொழில். என் வீட்டுக்காரி ராமுத்தாய்க்கு நுரையீரல் கெட்டுவிட்டது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் கால் மணி நேரம்கூட இருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் கரண்டில் ஓடும். பதினைந்து நாளைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் கல்லும் ஓடையும். ஜீப்பைத் தவிர வேறு எதுவும் அதில் ஏறாது. வழியில் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும்.

முதலில் ஜீப் பேட்டரியிலேயே இன்வெர்ட்டரை மாட்டி மெஷினை ஓட்டினேன். ஒருநாள் ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்து நின்றோம். கேட் திறந்தது, வண்டி கிளம்பவில்லை. மெஷினும் நின்றது. பின்னால் நின்றவர்கள் இறங்கித் தள்ளி விட்டார்கள். ராமுத்தாய் உதடு கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு நேராகச் செம்பட்டிக்கு வந்து சகாயராணி முன்னால் நின்றேன்.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "ஒரே கொடத்துத் தண்ணிய குடிக்கவும் குளிக்கவும் வச்சா எப்படிண்ணே? ரெண்டு கொடம் வேணும். முன்னாடி இருக்கிறது வண்டிக்கு மட்டும். பின்னாடி ஒண்ணு, மதினிக்கு மட்டும். நடுவுல ஒரு பெட்டி வச்சிருவேன், கதவு மாதிரி. எஞ்சின் ஓடுனா கதவு தொறக்கும், ரெண்டும் சார்ஜ் ஆகும். அணைச்சா மூடிக்கிரும். மதினி மெஷின் எம்புட்டுக் குடிச்சாலும் வண்டி கிளம்புறதுக்கு உள்ளத தொடாது."

இரண்டு நாள் வேலை. பின்சீட்டுக்கு அடியில் இரும்புக் கூடு அடித்துப் பேட்டரியை வாரால் இறுக்கினார். சிவப்பு வயர் முன்னாலிருந்து பின்னால் வரை ரப்பர்க் குழாய்க்குள் போனது. இரண்டு தலையிலும் ஃபியூஸ். ஒன்று போதாதா என்றேன்.

"ஓடையில குதிக்கிற வண்டிண்ணே. நடுவுல எங்கயாவது ஒராஞ்சா ரெண்டு பக்கமிருந்தும் நெருப்பு வரும். உள்ள மூச்சுக்கு ஆக்சிஜன் ஓடுது. வெளையாட்டா?"

கறுப்பு வயரை வண்டியின் அடிச்சட்டத்தில், அதாவது சேஸில், போல்ட் போட்டு முடுக்கினார். முடுக்குவதற்கு முன்னால் அந்த இடத்தை அரத்தால் தேய்த்து, இரும்பு வெள்ளையாகப் பளபளக்கும் வரை விடவில்லை. ஏன் அப்படித் தேய்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கடைசியில் எஞ்சினை அணைத்து, மெஷினைக் கடை வாசலில் ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். பிறகு சாவியைத் திருப்பச் சொன்னார். ஒரே திருப்பில் கிளம்பியது. சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றும் கைவசம் இருக்கட்டும் என்றார். இருபது நிமிஷத்துக்கு வரும் சிலிண்டர்.

நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. ஆயுதபூசை வந்தது. ராமுத்தாய் மூச்சே அந்த ஜீப்பில்தான் இருக்கிறது என்பதால், அந்த வருஷம் பூசையைக் கூடுதல் பக்தியாகச் செய்தேன். வண்டியைக் கழுவினேன். பின்பக்கத் தரையும் சேஸும் துருப்பிடித்திருந்தன. பேட்டரிக் கூட்டைக் கழற்றி, கறுப்பு வயரையும் அவிழ்த்துவிட்டு, கறுப்புப் பெயிண்ட் இரண்டு கோட்டு அடித்தேன். காய்ந்ததும் எல்லாவற்றையும் இருந்தபடி முடுக்கினேன். சந்தனம், குங்குமம், மாலை. வண்டி புதுசுபோல நின்றது.

அதற்குப் பின் இரண்டு செவ்வாய் போய் வந்தோம். ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. செம்பட்டி தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் ஒரு டிப்பர் பாலத்துக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. முன்னால் லாரி, பின்னால் பஸ், திரும்ப வழியில்லை. எஞ்சினை அணைத்தேன். இரண்டாவது பேட்டரிதான் இருக்கிறதே என்ற தைரியம். என் மகள் சுகன்யா பின்சீட்டில் அம்மாவைத் தோளில் சாய்த்திருந்தாள்.

இருபத்தைந்து நிமிஷம் போயிருக்கும். இன்வெர்ட்டர் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

உடனே சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் கீச்சல் நிற்கவில்லை. ஒரு நிமிஷத்தில் மெஷின் பெருமூச்சு விட்டு அடங்கியது. சுகன்யா சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிவிட்டு, 108-க்கு அடித்தாள். வரிசைக்கு வெளியேதான் நிற்க முடியும், அரை மணி ஆகும் என்றார்கள். சிலிண்டரில் இருபது நிமிஷம்.

நான் சகாயராணிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"எஞ்சின் ஓடுதாண்ணே?"

"ஓடுது, தாயி."

"கதவுப் பெட்டியில பச்ச லைட்டு?"

"எரியுது."

"அப்ப கதவு தொறந்துதான் இருக்கு. சார்ஜ் மட்டும் போகல. எதையாச்சும் கழட்டுனீங்களா?"

"ஒண்ணும் கழட்டல."

கழற்றி மாட்டியதைக் கழற்றியதாகவே என் மனம் எண்ணவில்லை. பூசைக்குச் செய்தது பழுதாகும் என்று யாருக்குத் தோன்றும்? சகாயராணி ஃபியூஸைப் பார்க்கச் சொன்னார். இரண்டும் நன்றாக இருந்தன. சிவப்பு வயரை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஆடவில்லை. அதில் ஐந்து நிமிஷம் போனது. சிலிண்டர் முள் இறங்கிக்கொண்டே வந்தது.

"அப்பா, அம்மா கண்ணு சொருகுதுப்பா," என்றாள் சுகன்யா.

"அழாத சுகன்யா," என்றது போனில் குரல். "அம்மாவ நிமித்திப் பிடி. அண்ணே, கறுப்பு வயரு சேஸ்ல முடுக்கியிருந்தேனே. அத நல்லாப் பாருங்க. நான் வச்ச மாதிரியே இருக்கா?"

"இருக்கு தாயி. பூசைக்குப் பெயிண்ட் அடிச்சிட்டு நல்லா இறுக்கித்தான்…"

"பெயிண்டு மேலயா முடுக்குனீங்க?"

ஆமாம் என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"திட்டுறதுக்கு இப்ப நேரமில்ல. கேளுங்க. கரண்ட் அந்த இரும்பு வழியாத்தான் திரும்பி வரணும். பெயிண்ட் அத மூடிருச்சு. எஞ்சின அணைங்க. போல்ட்ட அவுங்க. வெள்ளையா தெரியிற வரைக்கும் சொரண்டுங்க. அவசரத்துல ஸ்பேனர சிவப்புல தொட்டுறாதீங்க, தீப்பொறி பறக்கும். சிலிண்டர் தொறந்திருக்கு."

அரம் இல்லை. பழம் நறுக்கும் கத்தி இருந்தது. சீட்டுக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு போல்ட்டை அவிழ்த்தேன். பெயிண்ட் அழுத்தமாகப் பிடித்திருந்தது. என் கையால் இரண்டு கோட்டு அடித்ததல்லவா. முருகா, முருகா என்று சொல்லிச் சொல்லிச் சுரண்டினேன். கத்தி முனை ஒடிந்தது. ஒடிந்த முனையாலேயே சுரண்டினேன்.

"எம்புட்டுத் தெரியுதுண்ணே?"

"ஒரு ரூவாக் காசு அளவு."

"பத்தாது. வயரோட வளையம் முழுசும் உக்காரணும். அதுக்கு அடியிலயும் பெயிண்ட் ஒட்டியிருக்கும், அதையும் தேய்ங்க. நான் பேசிக்கிட்டேதான் இருப்பேன். மதினி, கேக்குதா? நான் சகாயராணி. மூக்கால இழுங்க, வாயால விடுங்க. இழுங்க… விடுங்க…"

அந்தக் குரலுக்கு ராமுத்தாய் நெஞ்சு ஏறி இறங்கியது. என் கையும் அந்தக் கணக்குக்கே தேய்த்தது. சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டுக்குள் போய்விட்டது என்றாள் சுகன்யா. போல்ட்டை முடுக்கினேன்.

"இப்ப கிளப்பி, ஆக்சிலேட்டர பாதி மிதிச்சே பிடிங்க. பேட்டரி காலியா கெடக்கு, எஞ்சின்தான் தூக்கிவிடணும். நான் சொல்ற வரைக்கும் மெஷினப் போடாதீங்க."

மிதித்தேன். எஞ்சின் கதறியது. போனில் அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணியது கேட்டது. நூற்றியிருபது வரை எண்ணினார். அந்த இரண்டு நிமிஷம்போல என் ஆயுசில் ஒன்று வந்ததில்லை.

"போடு சுகன்யா."

மெஷின் ஒருமுறை கீச்சிட்டது. பிறகு முனகியது. பிறகு ஓடியது. சுகன்யா குழாயை மாற்றினாள். அடுத்த நொடி சிலிண்டர் புஸ்ஸென்று தீர்ந்தது.

கால் மணி நேரத்தில் சகாயராணியே ஸ்கூட்டரில் லாரிகளுக்கு இடையே நுழைந்து வந்துவிட்டார். காதில் போன் அப்படியே இருந்தது, ஹெல்மெட்டுக்குள் செருகி. நேராகச் சீட்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். மீட்டரை வைத்தார். வெளியே வந்து என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னுதுண்ணே. ஏன் தேய்க்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லாம விட்டேன். எங்க வீட்டுக்காரர் எனக்குச் சொன்னத நான் ஒங்களுக்குச் சொல்லல."

"ஐயோ, சாமிக்குன்னு செஞ்சது நான்தானே தாயி."

"சாமி எதுக்குப் பெயிண்ட் கேட்டுச்சு?" என்றார். அப்போதுதான் சிரித்தார். உள்ளேயிருந்து ராமுத்தாயும் சிரித்தாள், மூச்சு விட்டு மூச்சு விட்டு.

செம்பட்டிக்குத் திரும்பியதும் கடை வாசலில் வைத்து அந்த போல்ட்டை என்னையும் சுகன்யாவையும் மூன்று தடவை அவிழ்த்து மாட்ட வைத்தார். எது எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கிளம்பும்போது நான் அவருக்குப் போன் போட வேண்டும். பேச வேண்டாம், போனை மெஷின் பக்கத்தில் பிடித்தால் போதும். ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ம், போங்க" என்பார்.

தை மாதம் அவருக்கு மஞ்சள்காமாலை என்றார்கள். நாங்கள் பார்க்கப் போனபோது கடையின் பின்பக்க அறையில் படுத்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. ராமுத்தாயை இறக்க முடியாது என்று ஜீப்பை ஜன்னலோரம் நிறுத்தினேன். இரண்டு பேரும் ஜன்னல் வழியாகவே பேசிக்கொண்டார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிகிற நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. பார்க்கப் போன அன்றைக்கு நாங்கள் விடைபெற்றபோது, தொந்தரவு செய்ய வேண்டாம், இந்தச் செவ்வாய் நான் போன் போடவில்லை என்று சொன்னேன். அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"அப்படிச் செஞ்சிராதீங்கண்ணே. போடுங்க. நான் எடுக்க லேட்டானாலும் வச்சிராதீங்க. எந்திரிச்சு வந்துக்கிட்டுத்தான் இருப்பேன்."