துவைகல்லில் ஒரு பெயர்

ஈரக்கல்லில் சோப்பு இழையும் வாசனை வந்தால், திருநெல்வேலி டவுனில் இருந்த எங்கள் தெருப் படிப்பகம் கண்முன் வந்துவிடும். ஐம்பதுகளில் கட்டிய அதன் வளைந்த முகப்பும், வெறுங்காலுக்குக் குளிர்ந்த சிவப்புத் தரையும், பச்சைக் கண்ணாடி வழியே இறங்கி எழுத்தையெல்லாம் ஆற்றடியில் கிடப்பதுபோல் காட்டும் வெயிலும், ஆள் பேசாமல் தாள் மட்டும் புரளும் சத்தமும்தான் என் பள்ளி விடுமுறைகள்.

தொண்ணூறுகளில், அதைக் கட்டிக்கொடுத்தவரின் மகனே கடைகள் கட்டுவதற்காக இடித்தார். கெஞ்சப் போன என் அப்பாவிடம், "பழசைக் கட்டிக்கிட்டு அழுதா ஊரு முன்னேறுமா வே?" என்று சிரித்தார். அவருடைய தகப்பனார் பெயர் வெட்டிய கல் இடிபாட்டில் கிடந்தது. அதை அப்பாவும் நானும் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். அம்மா அதைத் துவைக்கிற கல்லாகப் போட்டாள், பெயர் மேலே தெரியும்படி.

இன்று காலை அந்த மகன் கம்பூன்றி வந்து நின்றார்.

"எங்க அப்பாவுக்கு இது நூறாவது வருசம், தாயி. அவுக பேரு போட்ட கல்லு இங்கன கெடக்காமே?"

"அது துவைக்கிற கல்லுல்லா, அண்ணாச்சி" என்றேன்.

கட்டிக்கொடுத்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மகனுக்கு வலிக்கிற இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பி நடந்த அவர் தெருமுனையைத் தாண்டும் முன் கொல்லைக்கு ஓடினேன். அழுக்குத்துணி ஒன்றுகூட மிச்சமில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலையை உருவி, தண்ணீரில் முக்கி, மறுபடி ஓங்கி ஓங்கி அடித்துத் துவைத்தேன்.