அன்ஸாரின் டெஸ்ட் வீடியோ

பலாபத்வலயில் அன்ஸாரின் ஸ்டூடியோவுக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். கல்யாண வீடியோ எடுக்கப் புறப்படுமுன் மனுஷன் ஒரு நிமிஷம் டெஸ்ட் வீடியோ எடுக்காமல் போகமாட்டார். எதிரில் யார் நின்றாலும் எடுப்பார். அநேகமாக நிற்பது மனைவி றுஸைனா; அநேகமாக ஏசிக்கொண்டு நிற்பார். "இதை யாருக்குக் காட்டப் போறீங்க?" என்று நானும் கேலி செய்திருக்கிறேன்.

போன மாதம், ஊருக்கே அண்ணன்போல இருக்கும் றஹீம் நாநாவின் ஒரே மகள் நுஸ்ராவுக்கு நிக்காஹ். அந்த மண ஒப்பந்தம் பள்ளிவாசலில் நடக்கும். பெண் வீட்டில் இருப்பாள். வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளைத் தந்தேன் என்று சொல்லவேண்டும். நாநாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுக் குழறிப்போயிருந்தது. வேறு ஆளை வைத்துச் சொல்லலாம் என்றார்கள், கேட்கவில்லை. அந்த ஒரு வரியை நாலு மாதம் சொல்லிப் பழகினார். சொல்லியும் விட்டார். கேட்கக் கிடைக்காதவள் நுஸ்ராதான். வீடியோவுக்காகக் காத்திருந்தாள்.

அன்ஸாரின் கமரா பழசாக வாங்கியது, அதற்கு அதுதான் முதல் கல்யாணம். பற்றரி நிற்காது என்று கரண்டில் ஓட்டினார். நிக்காஹ் முடிந்து எல்லாரும் எழுந்ததும், பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் வழக்கம்போல சுவிட்சுகளை அணைத்துவிட்டார். பதறி ஓடிய அன்ஸாரின் காலில் வயர் சிக்கி, கமரா விழுந்து நொறுங்கியது.

மெமரி கார்ட் தப்பியது. ஃபைலும் இருந்தது, ஆனால் திறக்கவில்லை.

"எந்தப் படம் எங்க, எந்தச் சத்தம் எங்கன்னு கமரா கடைசியில ஒரு அட்டவணை எழுதும். அதை எழுத முந்தியே கரண்ட் போயிட்டு" என்றார் அன்ஸார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு நல்ல பற்றரி வாங்க முடியாதா இந்த மனுஷனுக்கு?

மூன்றாம் நாள் பலகைச் சுவரைத் தட்டினார். எம்.பி.4 வீடியோவுக்கு உலகம் முழுக்க ஒரே தரநிலையாம்; எந்த நாட்டுக் கமராவும் அதன்படிதான் எழுதவேண்டுமாம். அதனால் அதே கமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று கிடைத்தால், அதை மாதிரியாக வைத்து அட்டவணையைத் திரும்ப எழுத ஒரு மென்பொருள் இருக்கிறதாம்.

"கமராதான் நொறுங்கிட்டே, நல்ல வீடியோவுக்கு எங்க போறது?" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கல்யாணத்தன்று புறப்படுமுன் எடுத்த டெஸ்ட் வீடியோ; திரையில் றுஸைனா. "கூரை ஒழுகுது, இவர் கமராவோட கொஞ்சுறார்!" ஒரு நிமிஷம் முழுக்க ஏச்சு, ஒரு சொல் குறையாமல்.

அந்த ஏச்சுத்தான் நிக்காஹை மீட்டது. அப்பாடா என்று நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் அன்ஸார் தானாகவே கூரையில் ஏறினார்.

நுஸ்ரா வாப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். திரையில் நாநா ஒரு தரம் திக்கினார், இன்னொரு தரம் திக்கினார், மூன்றாம் தரம் சொல்லி முடித்தார். நுஸ்ரா அழுதாள், எனக்கும் கண் கலங்கியது.

"இன்னொரு தரம் போடுங்க" என்றாள் அன்ஸாரிடம்.

இரண்டாவது முறை வீடியோ அந்த வரிக்கு வருமுன்னே றஹீம் நாநா மகளின் கையைப் பிடித்தார். "என் மகள் நுஸ்ராவை உமக்கு நிக்காஹ் செஞ்சு தந்தேன்" என்று திக்காமல் சொன்னார். இந்த முறை அவள் நேரிலேயே கேட்டாள்.