கொழுந்து லொறி எந்தப் பக்கத்தில் வந்தது

வண்டிகள் இரண்டும் போன பிறகுதான் நான் அந்த வளைவுக்கு ஓடிச் சேர்ந்தேன். ரோட்டில் கார் விளக்கின் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. அவற்றோடு செம்மண் கட்டிகள், கை அகலத்துக்கு. கட்டிகளைப் பார்த்ததும் யோசனை பளிச்சென்று வந்தது. லொறிச் சக்கரத்து மட்காட்டுக்கு அடியில் அப்பிக் காய்ந்திருந்த மண், மோதிய அதிர்ச்சியில் உதிர்ந்திருக்கிறது. உதிர்ந்தது நேராகக் கீழேதான் விழுந்திருக்கும். அப்படியானால் மண் கிடக்கும் இடம்தான் இடிபட்டபோது லொறி இருந்த இடம். பௌதிகப் பாடத்தில் படித்த ஏதோ ஒன்று வாழ்க்கையில் முதல் தடவையாக உபயோகப்படப் போகிறது என்று நினைத்தபோது, அண்ணன் வண்டி இடிபட்ட கவலைகூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டது.

அண்ணன் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியின் டிரைவர். லொறி கழுவுவதில் ஆரம்பித்து, பல வருஷம் கிளீனராகத் தொங்கி, போன வருஷம்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கூலியாட்கள் குடியிருக்கும் எங்கள் லயத்திலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் ஆள். குற்றம் அவர் பேரில் விழுந்தால் லொறி போய்விடும், மறுபடியும் மலையில் கூலி வேலைக்குத்தான்.

அந்த ரோட்டில் கொழுந்து அரைக்கிற ஸ்டோருக்கு இறங்குகிற வண்டிக்கு மேட்டுப் பக்கம், ஏறுகிற வண்டிக்குப் பள்ளத்துப் பக்கம். அண்ணன் காலைக் கொழுந்தோடு இறங்கி வந்திருக்கிறார். தோட்டத்து உதவி மானேஜர் சின்னத்தொரை கீழேயிருந்து காரில் மேலே வந்திருக்கிறார். சீமையிலிருந்து வந்து சில மாதங்களே ஆன அவருக்குப் பள்ளம் என்றால் பயம் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏறும்போதும் மேட்டை ஒட்டியேதான் வருவார். எதிரில் வருகிறவர்கள்தான் நின்று ஒதுங்கி வழிவிட வேண்டும். மண்ணோ மேட்டுப் பக்கத்துப் பாதியில் கிடந்தது. அதாவது லொறி தன் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. இதைவிடத் தெளிவாக வேறென்ன வேண்டும்?

மண்ணைச் சுற்றி நாலு கல்லை வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். தொரைமார் நம்புகிற ஒரு ஆள் வந்து கண்ணால் பார்த்தால் போதும் என்பது என் கணக்கு. பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்து மனிதர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினா பேசாமல் வாத்தியார் வேலைக்கு எழுதிப் போடும். மண் பார்க்கிறது உமக்கேன்?"

"ஒரே ஒரு தடவை வந்து பாருங்கய்யா. பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க."

அவர் கோப்பையிலிருந்த தேத்தண்ணியைக் குடித்து, குடையைத் தேடி எடுத்து, வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, பிறகுதான் புறப்பட்டார்.

நாங்கள் வளைவுக்கு வந்தபோது மண் இல்லை. கண்ணாடி இல்லை. என் நாலு கல்லும் ஓரத்தில் அடுக்கியிருந்தது. ரோடு சுத்தமாகக் கூட்டப்பட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நடுவில் குங்குமம் தடவிய பூசணிக்காய் ஒன்று சிதறிக் கிடந்தது. பக்கத்தில் கையில் விளக்குமாற்றோடு அண்ணி.

"என்ன அண்ணி செஞ்சு வச்சிருக்கீங்க?"

"கண்ணு பட்டதுதான் தம்பி. லொறி கெடைச்ச நாள்லேருந்து இந்த லயத்துக் கண்ணு முழுக்க அவரு மேலதான். அதான் உடனே கழிச்சுட்டேன். பொம்பளைங்க வெறுங்காலோட நடக்குற பாதை, கண்ணாடி கெடந்தா குத்தாதா?"

"அந்த மண்ணு?"

"எந்த மண்ணு? குப்பையா கெடந்துச்சே, அதா? கூட்டிப் பள்ளத்துல தள்ளிட்டேன்."

கிளாக்கர் பூசணிக்காயைச் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தார். எனக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை. அண்ணி மேல் கோபப்படவும் முடியவில்லை. சமைக்க வைத்திருந்த ஒரே பூசணிக்காய் அது.

மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். நிரையில் முன்னால் நின்ற ஒரு அக்காவிடம் கேட்டேன்.

"லொறி ஆரன் அடிச்சிச்சு, காதுல விழுந்துச்சு. காரு அடிக்கல."

"இதை ஆபீசுல வந்து சொல்வீங்களா அக்கா?"

"நாங்க குனிஞ்சு கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தோம் தம்பி. ஒண்ணும் பார்க்கல." கூடையை அசைத்துப் போட்டுக்கொண்டு சிரித்தாள். "ஒங்கண்ணனே குத்தத்த ஒத்துக்கிட்டாரு, நீ என்னா கோட்டு வக்கீலு கணக்கா சுத்துற?"

"ஒத்துக்கிட்டாரா?"

அவள் நடித்தே காட்டினாள். கார் நின்றதாம். சின்னத்தொரை முகம் வெளுத்து, கதவைத் திறக்கக்கூட வராமல் உட்கார்ந்திருந்தாராம். அண்ணன் லொறியிலிருந்து குதித்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடிப்போய், "மன்னிச்சுக்கங்க தொரை, எங் குத்தந்தான்," என்றாராம். அதைக் கேட்ட பிறகுதான் தொரையின் முகத்தில் பழைய சிவப்பு திரும்பியதாம்.

மத்தியானம் அண்ணனைப் பிடித்தேன்.

"ஏன்ணே அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னா சொல்றது? தொரை காருல இடிச்சிருக்கு."

"காருதானே வந்து இடிச்சுச்சு?"

"இடிச்சுச்சுதான். அதுக்காக அவரையா மன்னிப்புக் கேக்கச் சொல்ற?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் தொரை முன்னால் வாயைத் திறந்தால் முதலில் வருவது மன்னிப்புதான். குடையை மடக்காமல் தொரைக்கு எதிரில் வந்துவிட்டாலும் அதே வார்த்தை. அது வணக்கம் மாதிரி. ஆனால் கேட்கிறவர் அதை வணக்கமாக எடுத்துக்கொள்வதில்லையே.

மறுநாள் விசாரணை. தோட்டத்து மானேஜரான பெரிய தொரை ஆபீஸ் வராந்தாவில் நின்று, தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"யாரு குத்தம்? நேரா சொல்லு."

"தொரை காரு வர்றது தெரியாம வந்துட்டேனுங்க. மன்னிச்சுக்கங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. முன்னால் போய் மண், மட்காட், மேட்டுப் பக்கம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பாதியில் இங்கிலீஷுக்கும் தாவினேன். அவர் கோபப்படாமல் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"சரி. மண்ணு எங்க?"

"கூட்டிட்டாங்க தொரை."

"யாரு கூட்டினது?"

"எங்க அண்ணி."

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். சனிக்கிழமை முடிவு சொல்வதாகவும், அதுவரை அண்ணன் மலையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போக வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. அண்ணன் அதற்கும் கும்பிட்டார்.

கோபத்தில் கால் போன போக்கில் நடந்து வளைவுக்கே வந்துவிட்டேன். பூசணி விதைகளைக் குருவிகள் கொத்திக்கொண்டிருந்தன. மேட்டுப் பக்கம் ரோட்டை ஒட்டி ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் சாய்ந்தேன். கை பட்ட இடத்தில் பாசி இல்லை. திரும்பிப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரு கோடு, பாசி புதிதாக உரிந்து, உள்ளே கல் வெள்ளையாகத் தெரிந்தது. கோட்டின் முடிவில் பச்சைப் பெயின்ட். லொறியின் பக்கப் பலகை பச்சை. காருக்கு வழிவிட அண்ணன் ஒதுங்க முடிந்த மட்டும் ஒதுங்கி, பாறையிலேயே உரசியிருக்கிறார். அதற்கு மேல் ஒதுங்க மலையைத்தான் வெட்ட வேண்டும். இதை எந்த விளக்குமாறும் கூட்ட முடியாது. மண்ணையே நினைத்துக்கொண்டு இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

நாளைக்குக் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் பெரிய தொரை மேல்மலைக்கு நடந்து வருவார். இந்த வளைவைத் தாண்டாமல் வர வழியில்லை. பாறையடியில் நிற்கப் போகிறேன். லொறியைக் கொண்டுவந்து பலகையைக் கோட்டோடு ஒட்டி நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். அது சுலபம். பக்கத்தில் அண்ணனும் நின்று, "நான் எம் பக்கத்துலதான் வந்தேனுங்க," என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்குத்தான் இன்று சாயந்தரம் முழுவதும் போனது. நான் பலகைக் கட்டிலில் தொரையாக உட்கார்ந்து, "யாரு குத்தம்?" என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் கை தலைத்துண்டுக்குப் போனது.

"மன்னிச்..."

"அண்ணே."

"தானா வருதுடா."

"துண்டை என்கிட்ட குடுத்துட்டுச் சொல்லச் சொல்லு தம்பி," என்றாள் அண்ணி அடுப்படியிலிருந்து. சொன்னபடியே வந்து துண்டைப் பிடுங்கிக்கொண்டாள். கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற அண்ணன், ஒரே ஒரு தடவை "நான் எம் பக்கத்துலதான் வந்தேனுங்க," என்று முழுசாகச் சொன்னார், என்னைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்து. நாளைக்குத் துண்டு இல்லாமல்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.