அது கோப்பி இல்லை

விடுமுறை என்று நாங்கள் இதுவரை போனதெல்லாம் கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு. லண்டன், பாரிஸ், ரொறன்ரோ எல்லாம் பார்த்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் பார்த்தது மண்டபமும் சாப்பாட்டு மேசையும்தான். மகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"ஒருக்காலாவது எங்கட சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத இடத்துக்குப் போவம் அப்பா" என்று போன ஆவணியில் ஒரு நாள் கேட்டாள்.

"அப்ப சிங்கம் இருக்கிற இடத்துக்குத்தான் போகவேணும்" என்றாள் என் மனைவி.

பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் அவளுக்கு அந்த ஆசை உள்ளுக்குள் இருந்தது. வேலை முடிந்து வந்தால் தொலைக்காட்சியில் மற்றப் பெண்களைப் போல நாடகம் பார்க்கமாட்டாள். ஆபிரிக்கப் புல்வெளியில் மிருகங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிறுத்தை மான்குட்டியைப் பிடிக்கிற நேரம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு "முருகா" என்பாள். அவளுக்காகத்தான் தான்சானியாவில் உள்ள செரெங்கெட்டி வனத்துக்குப் போவதென்று முடிவெடுத்தோம்.

நாங்கள் இருப்பது டென்மார்க்கில், பிராண்டே என்ற சின்ன ஊரில். மகள் பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் ஒரு வயோதிபர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறாள். அவளோடு வேலை செய்கிற ஒரு பெண் தான்சானியாவில் பிறந்தவர். டேனிஷ்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து இங்கே வந்தவர். அவருடைய வீடும் பிராண்டேயில்தான் என்பதால், நாளாந்தம் மகளின் காரிலேயே வேலைக்குப் போய்வருவார். அவருடைய அண்ணன் அங்கே சபாரி வாகனம் ஓட்டுகிறவர். வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டுபோய் மிருகங்களைக் காட்டி விளக்கம் சொல்வதுதான் அவருடைய தொழில்.

"அவவை ஒரு ஞாயிறு வீட்டை கூப்பிடுறன். எந்த மாதம் போறது, எங்க தங்கிறது எல்லாம் சொல்லித் தருவா. அவவின்ர அண்ணையே எங்களைக் கொண்டு திரிவார்" என்றாள் மகள். எனக்கு அது நல்ல ஆறுதலாக இருந்தது. முன்பின் தெரியாத கம்பனியை நம்பிக் காட்டுக்குள் போவதைவிட, தெரிந்த மனிசரின் கையில் போவது எவ்வளவோ மேல்.

அவர் வந்த ஞாயிற்றுக்கிழமை நவராத்திரிக்குள் வந்தது. சாமி அறையில் கும்பம் வைத்திருந்தோம். அவர் தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே வந்திருந்தார். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். சாமி அறையைக் கண்டதும் மரியாதையாகக் கை கட்டிக்கொண்டு நின்றார். மனைவி வடையும் கடலையும் கொண்டுவந்து வைத்தபோது, கண்ணை மூடி ஒரு சின்னச் செபம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தார். கடவுள் பயம் உள்ள மனிசி என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அதை நினைக்க இப்போது கூசுகிறது.

மேசையில் தேசப்படத்தை விரித்தோம். டேனிஷில்தான் கதைத்தோம். என்னுடைய டேனிஷ் தொழிற்சாலை டேனிஷ். அவர் பொறுமையாகக் கேட்டுக் கேட்டுப் பதில் சொன்னார். மாசியில் போனால் தெற்குப் பக்கத்து வெளிகளில் காட்டுமாடுகள் கன்று போடுவதைப் பார்க்கலாம். ஆடி, ஆவணியில் போனால் வடக்கே அவை கூட்டம் கூட்டமாக ஆற்றைக் கடப்பதைப் பார்க்கலாம் என்றார். ஆற்றில் முதலை இருக்கும் என்றதும், "கன்று போடுறதே காணும்" என்று மனைவி அவசரமாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தோம். கடும் நீலத்திலும் கறுப்பிலும் உடுப்பு வேண்டாம், ஒருவகைக் கடி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும் என்றார். விடியப்புறம் திறந்த வாகனத்தில் குளிரும், ஜாக்கெட் வேண்டும் என்றார். மனைவி எழுந்துபோய்த் தன்னுடைய புது ஜாக்கெட்டை எடுத்துவந்து காட்டினாள். அது கடும் நீலம். "இதை ஈக்குக் குடுங்கள்" என்றார் அவர். மனைவி சிரித்த சிரிப்பில் வடைத் தட்டு ஆடியது.

சபாரி என்றால் தங்கள் மொழியில் பயணம் என்றுதான் அர்த்தம், கடைக்குப் போனாலும் அது சபாரிதான் என்று அவர் சொன்னார். நான் உசாராகி, எங்களிடம் சவாரி என்று ஒரு சொல் உண்டு, ஊரில் மாட்டுவண்டிச் சவாரி ஓடுவார்கள் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். சபாரி, சவாரி என்று அவர் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சொந்தம் கொண்டாடியதுபோல இருந்தது.

மனைவி தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போன அந்த நேரம்தான் என் மச்சான், மனைவியின் தம்பி, ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்து தொலைபேசி எடுத்தான்.

"என்ன அத்தான், ஆபிரிக்காவுக்கு வெளிக்கிட்டாச்சாம். சிங்கம் பாக்க அவ்வளவு தூரம் போகவேணுமே? எங்கட அக்காவைப் பாத்தாக் காணாதே?"

"டேய், கொக்கா குசினியில நிக்கிறா, கேட்டால் தெரியும் உனக்கு" என்றேன். நல்ல முஸ்பாத்தியில் இருந்தேன். பிறகு, பக்கத்தில் இருக்கிறவருக்குத் தமிழ் விளங்காதுதானே என்ற துணிவில், அவரைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னேன்: "இப்பவும் அதைத்தான் கதைச்சுக்கொண்டிருக்கிறம். பிள்ளையோட வேலை செய்யிற காப்பிலிப் பெட்டை ஒண்டு வந்திருக்கு. அவளின்ர தமையன்தான் எங்களை ஏத்திக்கொண்டு திரியப்போறான்."

எங்கள் ஊரில் ஆபிரிக்கருக்குக் காப்பிலி என்ற அந்தச் சொல்தான். நான் வேறு சொல் கேட்டு வளரவில்லை. ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும்: அதுவரை நான் அவரை "அவ" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் ஒரே வசனத்தில் "பெட்டை", "ஒண்டு", "அவளின்ர" எல்லாம் வந்துவிட்டன. அந்தச் சொல் அந்த மரியாதைக் குறைவையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வந்தது.

நான் தொலைபேசியை வைத்தபோது அவர் தேசப்படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "உன் அப்பா என்னைப் பற்றி ஏதோ சொன்னார், காப்பி என்று தொடங்கியது, அது என்ன?" என்று கேட்டார்.

மகளின் முகம் வெளுத்தது. இங்கே பிறந்த பிள்ளை என்றாலும் அவளுக்கு அந்தச் சொல் தெரியும், என்னிடம் கேட்டுத்தான் தெரியும். பிறகு கோப்பிக்கு டேனிஷில் உள்ள சொல்லைப் பிடித்துக்கொண்டு, "காஃபெ என்றார். உங்களுக்குக் கோப்பி குடுக்கச் சொன்னார்" என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்து குசினிக்குப் போனாள். உள்ளே இருந்து மனைவியின் குரல் நல்ல பெலமாகக் கேட்டது: "கோப்பியோ? நான் தேத்தண்ணியெல்லே வைச்சிட்டன்! ஆர் கோப்பி கேட்டது?"

கோப்பி வந்தது. அவர் அதைக் குடித்தார், கடைசிச் சொட்டு வரை குடித்தார். நானும் எதிரே இருந்து குடித்தேன். பிறகு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, வடை நன்றாக இருந்தது என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் மகள் என்னிடம் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "என்னைப் பொய் சொல்ல வைச்சிட்டீங்கள். அதுவும் கும்பம் வைச்ச வீட்டில" என்றாள். அவ்வளவுதான்.

"பிள்ளை, அது எங்கட ஆக்கள் எல்லாரும் சொல்லுற சொல்தானே. அப்பா ஒண்டும் மனசில வைச்சுச் சொல்லேல்லை" என்றாள் மனைவி.

"அப்ப அவவுக்கு முன்னால டேனிஷில சொல்லச் சொல்லுங்கோ பாப்பம்."

எங்களைப் போன்ற கறுத்த தலைகளுக்கு டேனிஷிலும் ஒரு சொல் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் என் மேற்பார்வையாளர் அதை என் முன்னாலேயே சொல்லிவிட்டு, "உன்னைச் சொல்லவில்லை, நீ நல்லவன்" என்று தோளில் தட்டுவார். அவரும் மனதில் ஒன்றும் வைக்காமல்தான் சொன்னார். அந்தத் தட்டல் இன்றைக்கும் என் தோளில் இருக்கிறது.

அன்று பின்னேரம் விளக்கேற்றித் தேவாரம் பாட நின்றேன். வழக்கமாக நான் தொடங்க மனைவி சேர்ந்து பாடுவாள். எனக்கு வாய் திறக்கவில்லை. இதே வாய்தானே என்ற எண்ணம் வந்தது. "தொண்டை சரியில்லை, நீ பாடு" என்று ஒதுங்கிக்கொண்டேன். அதுவும் ஒரு பொய்.

அடுத்த கிழமை மகள் வேலைக்குத் தனியே போய்வரத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவ பஸ்ஸில வாறாவாம், அது வசதியாம்" என்றாள். பிராண்டே பஸ் எப்போதாவதுதான் வரும் என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கார் இருக்கிற ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, வசதி என்று ஒருவரும் அதில் ஏறமாட்டார்கள். "வேலையில நல்லாத்தான் கதைக்கிறா அப்பா. ஆனால் வேலையைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறா" என்று சொல்லிவிட்டு மகள் மாடிக்குப் போய்விட்டாள். இந்த நாட்டில் அவள் தானாகத் தேடிக்கொண்ட ஒரே சிநேகிதம் அது. என்னுடைய ஒரு வசனத்தில் அது போயிற்று.

சபாரியை விட்டுவிடுவோம் என்று மனைவி சொன்னாள். எனக்கும் அப்படி விட்டுவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்று ஒரு சபலம் வந்தது. ஆனால் சபாரியை விட்டாலும் அவர் பஸ்ஸில்தானே போவார்.

ஒரு வெள்ளிக்கிழமை என் வேலை முடிந்ததும் ஹேர்னிங்குக்குக் காரை விட்டேன். வயோதிபர் இல்லத்துக்கு வெளியே, வேலை முடிந்து அவர் வருகிற வழியில் நின்றேன். என்னைக் கண்டதும் மகளுக்கு ஏதோ நடந்துவிட்டதாக நினைத்துப் பயந்துபோனார். இல்லை என்று சொல்லி, வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்த டேனிஷில், "அன்றைக்கு நான் சொன்னது கோப்பி இல்லை" என்றேன்.

"தெரியும்" என்றார். "உங்கள் மனைவி குசினியில் கோப்பி என்று சொன்னது எனக்குக் கேட்டது. நீங்கள் சொன்னது அது இல்லை."

அந்தச் சொல்லும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய பக்கத்தில் அதைக் காஃபிரி என்பார்களாம், கடவுள் இல்லாதவன் என்று அர்த்தமாம். தெற்கே தென்னாபிரிக்காவுக்குப் போனால் இன்னும் மோசமாம். அவருடைய மாமா ஒருவர் அங்கே சுரங்கத்தில் வேலை செய்தபோது, வெள்ளைக்காரர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம், அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டார்களாம். "உங்கள் வீட்டில் கடவுளுக்கு என்று ஒரு அறை இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்து அதைச் சொன்னீர்கள். கோப்பியை உங்கள் மகளுக்காகத்தான் குடித்தேன்" என்றார்.

கடவுள் இல்லாதவன். வடைக்கு முன் செபம் சொன்னவரை நான் சொன்ன சொல்லுக்கு அர்த்தம் அது. மன்னியுங்கள் என்றேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அழுதால் அவர்தான் என்னைத் தேற்ற வேண்டி வரும்.

"மன்னிக்கத்தான் வேண்டும், என் தேவாலயத்தில் அதைத்தான் சொல்லித் தந்தார்கள்" என்றார். "ஆனால் அண்ணனிடம் இதை மறைத்து உங்களை அவருடைய வாகனத்தில் ஏற்ற என்னால் முடியாது. பின்னால் இருப்பவர்களைத் தன் வீட்டு விருந்தாளிகள் என்று நினைப்பவர் அவர். நீங்களே சொல்லுங்கள். என் வாயால் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டேன்."

ஞாயிறு அன்று மகள் அவருடைய அண்ணனுக்கு வீடியோவில் அழைப்பெடுத்தாள். திரையில் சிரித்த முகம் ஒன்று வந்தது. "வணக்கம்!" என்றது. முன்பு எப்போதோ மகள் சொல்லிக்கொடுத்து, தங்கை மூலம் போயிருந்த வணக்கம். நான் பாதிக்கு மேல் படிக்காத ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். மகள் உதவிக்கு வந்தாள், வேண்டாம் என்று கை காட்டினேன். அந்தச் சொல்லுக்கு வந்தபோது அந்த முகத்தில் சிரிப்பு எப்படிப் போனது என்பதைப் பார்த்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை. "சொன்னதற்கு நன்றி" என்று மரியாதையாகச் சொல்லி விடைபெற்றார்.

சில நாள் கழித்துத் தங்கை மூலம் பதில் வந்தது. தான் வரவில்லையாம். வேறொரு சாரதியை ஒழுங்கு செய்திருக்கிறாராம், நல்ல அனுபவம் உள்ளவராம், மனைவிக்குக் கன்றுகளைக் காட்டாமல் திரும்பமாட்டாராம். அது நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது. தங்கையும் மகளின் காரில் மறுபடி ஏறத் தொடங்கிவிட்டார், ஒவ்வொரு நாளும் இல்லை, மழை நாட்களில்.

மாசியில் போகிறோம். மனைவி மண்நிறத்தில் ஒரு ஜாக்கெட் வாங்கிவிட்டாள். அந்தப் புதுச் சாரதிக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா என்று மகளிடம் கேட்டேன்.

"அவருக்கு ஒண்டும் சொல்லவேண்டாம் அப்பா. அங்க நிக்கிற நாள் முழுக்க அந்தச் சொல் உங்கட வாயில வராது எண்டு எனக்குச் சொல்லுங்கோ. அது காணும்."

இந்த மூன்று மாதமும் நான் அந்தச் சொல்லை ஒருக்காலும் சொல்லவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஒருவர் எங்கள் பயணத்தைப் பற்றிக் கேட்டபோது, அது நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னேன். மகள் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாத்துக்கொள்ளுறன் பிள்ளை" என்றேன். வராது என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை.