மிளகு அளவு சிவப்பு

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். ஆனால் நிறம் நன்றாகப் படிப்பேன். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு அதுதானே வேண்டும்? எங்கள் யூனிட்டில் ஓட்டைக்குச் சிவப்பு மார்க்கர், ஆயில் கறைக்கு நீலம், ஊசி இழுத்த கோட்டுக்குப் பச்சை. மூன்றும் விழுந்த பீஸ் தேறாது. நல்லதோடு கலந்துவிடாமலிருக்க நடுவில் கத்தரி போட்டுவிடுவோம்.

அன்று என் மேசை ஓரத்தில் ஒரு வெள்ளை டி-சர்ட். மூன்று நிறத்திலும் கன்னாபின்னாவென்று கிறுக்கல். எந்தப் புண்ணியவான் தைத்தானோ என்று கத்தரி போட்டேன். டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது, அந்த அவசரம்.

டிசைன் செக்சனில் புதிதாகச் சேர்ந்த நித்யா ஓடி வந்தாள்.

"ஐயோ அம்மாயி! அது என்ற சாம்பிளுங்க! மார்க்கர்ல வரைஞ்சு, காயட்டும்னு உங்க ஃபேனுக்கடியில வெச்சனுங்க. நாலு மணிக்கு ஆர்டர் குடுக்கற பையர் வர்றாரு!"

"டிசைனா? பூவுங் காணோம், காயுங் காணோமே கண்ணு?"

"உருவமே இருக்காதுங்க. கலர் மட்டுந்தான்."

அவளுடைய முதல் டிசைன். கண் கலங்கிவிட்டது. கெடுத்தவள் நான், சும்மா இருக்க முடியுமா? வெள்ளை டி-சர்ட் இன்னும் ஒன்றுதான் இருந்தது. அதனால் முதலில் வேஸ்ட் துணியில் போட்டுப் பார்த்தோம். சிவப்பின் மேல் பச்சை ஏற்றினாள், சாணி நிறமாயிற்று. மஞ்சள் மேல் நீலம் இழுத்தாள். வெயில் பட்ட தென்னை ஓலை போல ஜோராக வந்தது. உடுமலைப்பேட்டையில் என் தங்கச்சி தோப்பு அப்படித்தான் இருக்கும். இளநீர் கேட்டால்தான் தரமாட்டாள். அது கிடக்கட்டும். அதையே வெள்ளை டி-சர்ட்டில் வரைந்து நித்யா தள்ளி நின்று பார்த்தாள்.

"நல்லாருக்குது. ஆனா உசுரில்லீங்க அம்மாயி."

"செவப்பு வெய்யி. ஒரே புள்ளி, மொளகு அளவு போதும். நான் ஓட்டைக்கு வெக்கிற புள்ளிய சூப்பர்வைசர் அந்தக் கோடியிலிருந்தே பாத்தர்றாரு. நீ மொதல்ல எல்லாக் கலரையும் கத்தவுட்டுட்ட. அதான் பூராம் டேமேஜுன்னு நெனச்சுப்போட்டேன்."

"அப்ப நீங்களே வெய்ங்க."

வைத்தேன். தினமும் வைக்கிற கைதானே.

வந்த பையர் டி-சர்ட்டை விரித்து, நேராக அந்தப் புள்ளியில் விரலை வைத்தார். இங்கிலீசில் ஏதோ சொன்னார்.

"எங்க பாத்தாலும் கண்ணு இங்கயே வருதாமுங்க! ஓகே பண்ணிட்டாரு அம்மாயி!"

பிரிண்ட் ஆகி பீஸ்கள் என் மேசைக்கு வந்தபோது, செக்கிங் பிள்ளைகள் நீலம், பச்சையோடு அந்தச் சிவப்புப் புள்ளியையும் பார்த்ததும் கத்தரியை எடுத்தார்கள். அவர்களுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்: நிறத்தை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஓட்டையானால் அந்தப் பக்கம் தெரியும். தெரியாவிட்டால், அது நான் வைத்த புள்ளி.