மாதா இருந்த போர்ஷன்

எழுபத்தொன்றாம் வருஷம் சவரி முதன்முதலாக அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது, மிக்கேலம்மாள் கையில் முறத்தோடு வந்தாள்.

"என்ன கண்ணு?"

"பக்கத்துப் போர்ஷன் காலியா இருக்குதுன்னு சொன்னாங்க."

"காலியா இல்ல. ஆளு இருக்குது."

"பூட்டியிருக்குதுங்களே."

"உள்ள வேளாங்கண்ணி மாதா இருக்காங்க."

"மாதாவுக்கு எதுக்குங்க பூட்டு?"

"மாதா கேக்கல. நாந்தான் போட்டேன். நீ என்ன வேல பாக்குற?"

"டீச்சருங்க. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தெனம் பஸ்ல வர்றேன். இனிமே லேட்டா வந்தா வேற ஆளப் பாத்துக்கறோம்னு பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க. ஊருக்குள்ள ஒரு வூடு கெடச்சாத்தான் வேல நிக்கும்."

"அப்ப இங்கிலீசு படிப்பியா?"

"படிப்பேனுங்க."

மிக்கேலம்மாள் உள்ளே போய், பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு கோர்ட் தீர்ப்பை எடுத்து வந்து நீட்டினாள். சவரி நின்றபடியே படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னாள். மிக்கேலம்மாள் கடைசிவரை கேட்டாள்.

"இதுல எங்கியாச்சும் அவரு எப்பப் போவாருன்னு எழுதியிருக்குதா?"

"இல்லீங்க."

"வக்கீலும் அதயேதான் சொன்னாரு. உனக்கு இங்கிலீசு நல்லாத்தான் வருது. வூடு இல்ல கண்ணு, போயிட்டு வா."

அவர் என்பது பச்சியப்பன். மிக்கேலம்மாளின் புருஷன் மதலைமுத்து கொத்தனார். ஊரில் பலருக்கும் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியில் தனக்கென்று தெருப்பக்கம் இரண்டு போர்ஷனும் பின்னால் ஓர் அறையும் கட்டினார். பின்னறையில் இருந்துகொண்டு முன்பக்க வாடகையில் சாப்பிடுவது அவர் போட்ட திட்டம். சுவர்ப் பூச்சு காய்வதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். திட்டம் மிக்கேலம்மாளிடம் வந்தது. ஒரு போர்ஷனுக்கு பச்சியப்பன் குடிவந்தார். ஏதோ ஆபீசில் குமாஸ்தா. ஒரு வருஷத்தில் மாறிவிடுவேன் என்று சொல்லித்தான் வந்தார்.

அறுபத்தைந்தில் தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆயிற்று. டிரங்குப் பெட்டியும் பெண்டாட்டி பிள்ளைகளுமாக உத்தியோகஸ்தர்கள் வந்து இறங்கினார்கள். மாட்டுக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள்கூட வாடகை வாங்கினார்கள். மிக்கேலம்மாளும் கொஞ்சம் கூட்டிக் கேட்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, பச்சியப்பன் வாடகைக் கட்டுப்பாட்டுக் கோர்ட்டுக்குப் போனார். அங்கே நியாய வாடகை நிர்ணயித்தார்கள். அது அவர் அதுவரை கொடுத்து வந்ததைவிடக் குறைவாக இருந்தது. காலி செய்யச் சொல்லவும் வழி இல்லை என்று ஆயிற்று. அதன் பிறகும் அவர் ஒன்றாம் தேதி தவறாமல் வாடகை கொடுத்தார். கையோடு அவளுடைய மூட்டுவலியையும் விசாரித்தார்.

மழை வந்தால் அவர் போர்ஷன் ஒழுகும். அந்த வாடகையில் ஓடு மாற்ற முடியாது என்று அவள் மாற்றவில்லை. தன் வீடு இல்லையே என்று அவரும் மாற்றவில்லை. ஒழுகும் இடத்தில் ஓர் அண்டா இருந்தது. அது அவருடையது, அதில் மட்டும் தகராறு கிடையாது. பிறகு அவர் பெண்டாட்டி பேரில் ஊருக்கு வெளியே ஒரு வீடு கட்டி, நல்ல ஓடாகப் போட்டு, அதை வாடகைக்கு விட்டார். சவரி முதலில் அங்கேதான் போனாள். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்தாள்.

இன்னொரு போர்ஷனில் இருந்த குடும்பம் மாற்றலாகிப் போனதும் மிக்கேலம்மாள் அதைப் பூட்டிவிட்டாள். காலியாகக் கிடந்தால் சர்க்காரே எடுத்து ஓர் ஆபீசரைக் குடிவைக்கும் என்று யாரோ சொன்னார்கள். குமாஸ்தாவையே கிளப்ப முடியவில்லை. அவள் ஒரு மாதா சுரூபத்தை வாங்கி நடுக்கூடத்தில் வைத்து, சாயந்தரமானால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் ஆள் இருக்கிற வீடுதானே.

வெளிச்சத்தைப் பார்த்து ஆபீசர் யாரும் வரவில்லை. தெருப் பெண்கள் செபமாலை சொல்ல வந்தார்கள். மாதாவைப் பார்க்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது? சனிக்கிழமை மட்டும் திறந்துவிட்டாள். எதிர்வீட்டு கோவிந்தம்மாள் தீர்த்தமலைக்குப் போய்வந்த கையோடு இங்கேயும் ஒரு முழம் பூ வைத்தாள். அவள் மகள் அந்த வருஷமே உண்டானாள். தீர்த்தமலைக்கு மலை ஏற வேண்டும், இங்கே ஏற வேண்டாம் என்று கூட்டம் சேர்ந்தது.

சவரி வந்துபோன அடுத்த வாரம், கிறிஸ்தவக் கோயில் உபதேசியார் இன்னாசிராஜ் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"கட்டடம் நல்லா இருக்குது. இதக் கோயிலுக்கே எழுதி வெச்சிருங்களேன்."

"எழுதி வெச்சுட்டு நான் என்னத்தத் திங்கறதுங்க?"

"மாதா பாத்துக்குவாங்க."

"வந்த நாளா மாதா வாடகையே குடுக்கலீங்களே."

மறுநாள் மிக்கேலம்மாள் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். சவரிக்கு அன்றைக்கும் பஸ் லேட்.

"நீயே வந்து இரு கண்ணு. மாதாவ என் ரூமுக்குக் கூட்டிக்கறேன். வயசுப் பொண்ணு இருக்குற வூட்டுக்குள்ள ஊரு நுழையாது."

"வாடகை எவ்வளவுங்க?"

"வாடகையா?" அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "கை நீட்டி வாங்கினா நீ குடித்தனக்காரி. அப்புறம் ரெண்டு பேரும் கோர்ட்டுலதான் பேசிக்கணும். அரிசி வாங்கிப் போடு, சீமெண்ணெ வாங்கிப் போடு. யாராச்சும் கேட்டா என் தங்கச்சி மகள்னு சொல்லு."

சவரி பெட்டியோடு வந்து இறங்கினாள். தெரு காதில் விழும்படி "பெரியம்மா" என்று கூப்பிட்டுப் பழகினாள். பச்சியப்பன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சொந்தமா?" என்று விசாரித்தார். "சொந்தம்" என்றாள் மிக்கேலம்மாள்.

உள்ளே போனதும் அவள் சவரியைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"எதுவானாலும் எழுதித் தர்றேனுங்க பெரியம்மா, ரெண்டு பாஷையிலயும்," என்றாள் சவரி.

"எழுத்தப் பாத்துட்டேன், போதும். மாதா மேல கைய வெய்யி." மெழுகுவர்த்தியை ஏற்றினாள். "என்னிக்காச்சும் ஒரு நாளு போன்னு சொல்லுவேன். அன்னிக்கு மட்டும் போயிரு கண்ணு."